ஊசியம்மாவுக்குத் தெரியாத குற்றவாளி

மார்ச் 4

அன்புள்ள சிட்டு,

பார்சலைப் பார்த்ததும் மூலையில தூக்கிப் போட்டுடாதே. உள்ள ஒண்ணும் பூதம் இல்ல, என் கைப்பிரதிதான்.

ஃபோனை நீ எடுக்கவேமாட்டேங்கற. எப்ப அடிச்சாலும் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கறார். "கடையில இருக்கா அக்கா, குளிக்கறா அக்கா, தூங்கறா அக்கா"ன்னு மாத்தி மாத்திச் சொல்றார். பாவம், அந்த மனுஷருக்குப் பொய் சொல்லவே வரல. போன வாரம் அவசரத்துல "கடையில குளிச்சிட்டிருக்கா அக்கா"ன்னுட்டு, தானே பயந்து ஃபோனை வெச்சுட்டார். அதனாலதான் பழையபடி கடிதத்துக்கே வந்துட்டேன். கடிதம்னா நீ பிரிக்காம இருக்கமாட்டே. உன் குணம் எனக்குத் தெரியாதா?

நம்ம ஊசியம்மா துப்பறியற புதுக் கதை இது. பன்னிரண்டாவது. அதே பின்னல் வகுப்பு, அதே ஜன்னலோர பெஞ்சு, அதே மந்தமான இன்ஸ்பெக்டர். வழக்கம்போல கடைசி அத்தியாயத்தை மட்டும் இதுல வைக்கல. ஒரு வருஷமா ஓடாம நின்ன வண்டிங்கறதால நம்ம வழக்கத்தை ஒரு தடவை சொல்லிடறேன். நீ கதையைப் படிக்கணும். புத்தகத்தோட பின்பக்கம் வரப்போற பின்னல் குறிப்பைப் பார்த்து, ஊசியே பிடிக்காதவளுக்கும் புரியுதான்னு மாதிரிக்கு ஒரு துண்டு பின்னிப் பார்க்கணும். குற்றவாளி யாருன்னு ஒட்டின கவர்ல எழுதி அனுப்பணும். நீ சரியா சொல்லிட்டா நான் முடிவை மாத்தணும். எத்தனை தடவை மாத்த வெச்சிருக்கே, படுபாவி! உன் அண்ணன் அந்தக் கவரைப் பிரிச்சு, தொண்டையைக் கனைச்சு, இன்ஸ்பெக்டர் குரல்ல படிப்பாரே. "மேடம், உங்க குட்டு உடைஞ்சுபோச்சு"ன்னு அவர் ஆரம்பிச்சாலே எனக்கு ஒரு மாச வேலை கூடிடுச்சுன்னு அர்த்தம். இந்தத் தடவை நானே பிரிச்சுக்கறேன்.

பின்பக்கப் படங்களை நானே உக்காந்து சரி பார்த்துட்டேன். மூணாவது புத்தகத்துல அச்சகத்துக்காரர் ஒரு படத்தை இடவலமாத் திருப்பிப் போட்டு நம்ம மானத்தை வாங்கினாரே, அந்தக் கூத்து இந்தத் தடவை நடக்காது.

கதையில சாகறவர், வகுப்புக்கு டீ கொண்டு வர்ற ஒரு மனுஷர். அதுக்கு மேல சொல்லல, படிச்சுக்கோ.

நீ ஏன் என்கிட்ட பேசறதில்லன்னு எனக்கு இன்னும் புரியல. துக்கம்னா ரெண்டு பேருக்கும் ஒரே துக்கம்தானே. உனக்கு அண்ணன், எனக்கு வீட்டுக்காரர். நீ அங்க தனியா அழுது, நான் இங்க தனியா அழுது, யாருக்கு என்ன லாபம்? சரி, திட்டறதுன்னா திட்டு. ஆனா எழுது.

உன் அண்ணி


மார்ச் 12

மரியாதைக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

கைப்பிரதி கிடைச்சது. நாலாவது அத்தியாயம் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல முடியல. மூடிக் கொண்டுபோய் நூல் மூட்டைக்கு அடியில வெச்சுட்டேன்.

டீ கொண்டு வர்றவர் யாருன்னு எனக்குத் தெரியாதா? சூடு சரியா இருக்கான்னு டம்ளரைக் கன்னத்துல வெச்சுப் பார்க்கறது யாரு? கம்பளி நூலைப் பிரிச்சுச் சுத்தும்போது ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு "கைது பண்றீங்களா மேடம்?"னு ஒவ்வொரு தடவையும் கேக்கறது யாரு? கேட்டுட்டுத் தானே சிரிக்கறது யாரு? அப்படியே என் அண்ணனை எடுத்து வெச்சிருக்கீங்க. செருப்பைக்கூட விடல. மூணு அத்தியாயம் அவனை நடமாட விட்டீங்க. படிக்கப் படிக்க எனக்கு அவன் குரலே கேட்டுச்சு. பக்கத்தைத் திருப்பினா நாற்காலியில தலை சாஞ்சு கிடக்கறான். அதுக்கு அடுத்த பக்கத்துல வகுப்புல எல்லாரும் பன் சாப்பிட்டுக்கிட்டே "யாரா இருக்கும்?"னு பேசறாங்க. பன்!

நம்ம கதையில சாகறதுக்கும் ஒரு தகுதி வேணும்னு நீங்கதானே சொல்வீங்க? செத்தவருக்காக யாரும் அழக் கூடாது, அப்பதான் வாசகர் நிம்மதியா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே படிப்பாங்கன்னு. நாலாவது புத்தகத்துல குடியிருப்புச் சங்கச் செயலாளரைக் கொன்னீங்க. தண்ணித் தொட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. வாசகர்கள் நன்றி சொல்லி எழுதினாங்க. அதுல நியாயம் இருந்துச்சு. என் அண்ணனுக்கு என்ன தகுதி இருந்துச்சுன்னு அவனைப் போட்டீங்க?

மாதிரி பின்னமாட்டேன். பேரும் எழுதமாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்குங்க.

உங்கள் கணவரின் தங்கை


மார்ச் 17

சிட்டு,

எழுத்தாளர் அவர்களாம், கணவரின் தங்கையாம். எழுதும்போதே உனக்குச் சிரிப்பு வந்திருக்கும்னு நினைக்கறேன். வரலன்னாலும் பரவாயில்ல. எழுதினியே, எனக்கு அது போதும்.

அவரைக் கொல்றதுக்காக நான் கதைக்குள்ள கொண்டு வரல. எப்படியாவது அவர் வந்துபோகணும்னுதான் எழுதினேன். மூணு அத்தியாயம் எழுதின நாளெல்லாம் வீட்டுல ஆள் இருந்த மாதிரியே இருந்துச்சு. காலைல எழுந்ததும் "இன்னிக்கு என்ன பேசப்போறார்"னு மாடிக்கு ஓடினேன். நாலாவது அத்தியாயத்துல ஒரு பிணம் விழுந்தாகணும், அதுதான் இந்த மாதிரிக் கதைக்கு விதி. யார் யாரையோ போட்டுப் பார்த்தேன். கை நகரல. கடைசியில அவரை எழுதினேன், கை தானா ஓடுச்சு. அப்புறம் மேஜையில தலையை வெச்சு அழுதேன்.

இன்னொண்ணும் சொல்லணும். கடைசி அத்தியாயத்தை உனக்கு அனுப்பாம வெச்சிருக்கேன்னு நினைச்சிருப்பே. அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. நான் எழுதல. யார் செஞ்சாங்கன்னு எனக்கே தெரியல. பதினோரு புத்தகம் எழுதின கைக்கு இந்த ஒரு குற்றவாளி அகப்படமாட்டேங்கறான்.

ஏன்னு உனக்கு மட்டும் சொல்றேன். நான் எழுதும்போது என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு கல்யாணமான புதுசுலயே சட்டம் போட்டவ நான். வீடு பத்திக்கிட்டா முதல்ல தீயணைப்புக்காரரைக் கூப்பிடுங்க, அப்புறம் என்னைன்னு சொல்வேன். அவர் அதைப் பெருமையா ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். அவர் கீழ ரேடியோ வெச்சா எனக்கு எழுத்து ஓடாதுன்னு காதுல அந்த ஹெட்ஃபோனையும் மாட்டிக்குவேன். கதவையும் சாத்திக்குவேன். அன்னிக்கும் அப்படித்தான். நீ கிளம்பிப் போனதும் நான் மாடிக்குப் போய்ட்டேன். டீ நேரத்துக்குக் கீழ வந்தேன். ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு. அவர் நாற்காலியில சாஞ்சிருந்தார். ரெண்டு தடவை கூப்பிட்டதுக்கு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

டாக்டர் "தூக்கத்துலயே போயிருக்கலாம்"னார். இருக்கலாம்னா என்ன சிட்டு? அப்படி இல்லாமலும் இருக்கலாம்னுதானே? என்னைக் கூப்பிட்டாரா? கூப்பிட்டு நான் கேக்கலையா? இல்ல, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு "அவ எழுதறா, தொந்தரவு பண்ணக் கூடாது"ன்னு வாயை மூடிக்கிட்டே இருந்தாரா? அந்த மனுஷர் செய்யக்கூடியவர். எனக்கு வேற எதுவும் தெரிய வேண்டாம். கூப்பிட்டாரா இல்லையா, இது ஒண்ணு தெரிஞ்சா போதும். அதைச் சொல்ல ஆளில்ல.

அதனாலதான் கதையில ஒருத்தனைத் தேடறேன். எவனாவது டீயில விஷம் கலந்திருக்கட்டும், எவளாவது தலையணையால அமுக்கியிருக்கட்டும். என்னைத் தவிர யாரா இருந்தாலும் சரி. முழுசா படிச்சு ஒரு பேர் எழுது. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

உன் அண்ணி


மார்ச் 23

அண்ணி,

முழுசா படிச்சுட்டேன். பேர் கேட்டீங்க. ஒட்டின கவரெல்லாம் எதுக்கு, திறந்தே எழுதறேன். குற்றவாளி நீங்கதான்.

கதையைப் பத்திப் பேசல. வீட்டைப் பத்திப் பேசறேன். ஒரு வருஷமா நெஞ்சுல முள்ளு மாதிரி வெச்சிருந்தது. உங்க கடிதத்தைப் படிச்சதும், இவ்வளவு தூரம் எழுதறவங்க ஏன் உண்மையை மட்டும் எழுதலன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னிக்குக் காலைல நாம போட்ட சண்டை ஞாபகம் இருக்குமே. பதினோராவது புத்தகத்து அட்டைப்படத்துக்குச் சால்வை வேணும், படம் எடுக்கறவர் வரப்போறார், சால்வையோ நாலு விரல் உயரம்தான் வளர்ந்திருக்கு. "நீ பின்னிக் குடேன், உனக்கென்ன"ன்னு நீங்க. "எனக்கு நூல் கடைன்னு ஒண்ணு இல்லையா, நான் என்ன சும்மாவா உக்காந்திருக்கேன்"னு நான். அண்ணன் நடுவுல உக்காந்துக்கிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினான். நான் சால்வையை அவன் பக்கத்து முக்காலி மேல விட்டெறிஞ்சுட்டு, சொல்லாம கொள்ளாம பஸ் ஏறிட்டேன்.

ராத்திரி சேதி கேட்டு அலறி அடிச்சுக்கிட்டு ஓடிவந்தேன். வீடு பூரா ஆளு. அண்ணனைப் படுக்க வெச்சிருந்தாங்க. நாற்காலி காலியா இருந்துச்சு. முக்காலி மேல அதே சால்வை. ஆனா நாலு விரல் இல்ல, ஒரு சாணுக்கு மேல இருந்துச்சு. நூலை ஒழுங்கா சுத்தி, ஊசி ரெண்டையும் நூல்கண்டுக்குள்ள குத்தி, மேல அண்ணனோட கண்ணாடியை மடிச்சு வெச்சிருந்தது. எவ்வளவு அழுகையிலயும் என் கண்ணு பின்னலைத்தான் அண்ணி முதல்ல பார்க்கும். என் பிழைப்பு அப்படி.

நாலு விரல் ஒரு சாணாக வளர எவ்வளவு நேரமாகும்னு எனக்கு நல்லாத் தெரியும். மத்தியானம் பூரா ஒருத்தர் அந்த இடத்துல உக்காந்து பின்னினாத்தான் ஆகும். அந்த வீட்டுல ஊசி பிடிக்கத் தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேர். நான் பஸ்ல இருந்தேன். நீங்களோ வந்தவங்க எல்லார்கிட்டயும் "நான் மாடியில எழுதிட்டிருந்தேன், கீழ வரவே இல்ல"ன்னு அழுதீங்க. எனக்கும் அதையேதான் இப்ப எழுதியிருக்கீங்க. நீங்க மாடியில இல்ல. அவன் பக்கத்துலதான் இருந்தீங்க. அவன் மூச்சு அடங்கும்போது நீங்க பக்கத்துல உக்காந்து பின்னிட்டிருந்தீங்க. அப்புறம் ஏன் பொய்? பொய் சொல்றவங்களைத்தான் ஊசியம்மா எப்பவும் கடைசியில பிடிப்பா. நீங்க எழுதினதுதானே?

ஃபோனை எடுக்காததுக்கும் இதுதான் காரணம். கேட்டா என்ன பதில் வருமோன்னு பயம். அண்ணன் போனதோட அண்ணியும் இல்லாம போய்டுவாங்களோன்னு பயம். கேக்காம இருந்தா பாதியாவது மிஞ்சும்னு இருந்தேன். இப்ப கேட்டுட்டேன்.

சிட்டு


மார்ச் 28

படிச்சேன். படிச்சுட்டு வீட்டுல இருக்கற பாத்திரத்தையெல்லாம் எடுத்துப்போட்டுத் தேய்ச்சேன். தேய்ச்சதையே மறுபடியும் தேய்ச்சேன். பக்கத்து வீட்டு டீச்சர் வந்து "விருந்தாளி வர்றாங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமா, நாத்தனார் வந்து கொலைகாரின்னு சொல்லிட்டுப் போயிருக்கான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

ஒரு வருஷமா இதையா மனசுல வெச்சுக்கிட்டு இருந்தே? உன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்ததுலேர்ந்து உன் கடைக்குப் பேர் வெச்சது வரைக்கும் நான் இல்லாம ஒண்ணு செஞ்சிருப்பியா நீ? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவர் பக்கத்துல இருந்திருந்தா நான் ஏன் பொய் சொல்லப்போறேன்? பக்கத்துல இருந்தேன்னு சொல்ல முடிஞ்சிருந்தா அதைவிட எனக்கு என்ன வேணும்? அது இல்லையேன்னுதானே நாள் பூரா செத்துக்கிட்டிருக்கேன்!

இதை நேத்து எழுதினேன். கிழிச்சுப் போடலாம்னு இருந்தேன். கிழிக்கல. நீயும் வாங்கிக் கட்டிக்கோ.

இது இன்னிக்கு எழுதறது. அன்னிக்கு அந்த நாற்காலிப் பக்கம் இருந்த சாமானை நானோ வந்தவங்களோ தொடவே இல்ல, எல்லாரும் போனதுக்கு அப்புறம் டீச்சர்தான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அலமாரி மேல வெச்சாங்க. நான் அந்தப் பையைத் தொட்டதே இல்ல. சால்வை இல்லாமலேதான் பழைய அட்டைப்படத்தை வெச்சு ஒப்பேத்தினோம். காலைல முக்காலியைப் போட்டு ஏறி அதை இறக்கினேன். நீ சொன்னது சரி. வளர்ந்திருக்கு. சாணுக்கு மேலயே இருக்கு. கையை வெச்சு ரெண்டு தடவை அளந்து பார்த்தேன். சத்தியமா நான் ஒரு வரிசைகூடப் போடல. நீதான் போட்டுட்டுப் போனியோன்னு பார்த்தா, நாலு விரல்ல விட்டெறிஞ்சுட்டுப் போனேன்னு நீயே எழுதறே. பின்ன எப்படி வளர்ந்துச்சு?

அப்படியே அனுப்பறேன். ஊசியைக்கூட உருவல. துப்பறியற மூளை உன்னுது, நான் வெறும் எழுதறவ. நீயே பார்த்துச் சொல்லு. பார்த்ததுக்கு அப்புறமும் நான்தான்னு தோணுச்சுன்னா அதையும் எழுது, தாங்கிக்கறேன்.

கண்ணாடியை மட்டும் அனுப்பல. அது என்கிட்ட இருக்கட்டும்.

அண்ணி


ஏப்ரல் 5

என் அண்ணிக்கு,

சால்வை வந்து சேர்ந்தது. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. பார்த்த வரிசையிலேயே எழுதறேன், அப்பதான் எனக்கும் நிதானம் வரும்.

முதல்ல அகலம்தான் கண்ணுல பட்டுச்சு. நாலு விரலுக்கு மேல போகப்போக சால்வை ஒடுங்கிக்கிட்டே போகுது. உங்களுக்கு என் மேல இருந்த கோபத்துல கை இறுகியிருக்கும்னு நினைச்சேன். நினைச்சு, "பார்த்தியா, அவங்கதான்"னு திருப்திகூடப் பட்டேன் அண்ணி. இப்ப நினைச்சா எனக்கே கேவலமா இருக்கு.

அப்புறம் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேன். நாலு விரல் வரைக்கும் உங்க பின்னல்தான். கொஞ்சம் தொளதொளன்னு, சரளமா. எத்தனை வருஷமா திட்டிக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல ஒவ்வொரு கண்ணியும் கால் மேல் கால் போட்டு உக்காந்திருக்கு. நூலை ஊசியில சுத்த வேண்டிய பக்கம் சுத்தாம எதிர்ப்பக்கமா சுத்தினா கண்ணி அப்படித் திருகிக்கும், அதனாலதான் துணியும் ஒடுங்கியிருக்கு. நீங்க அப்படிப் போடமாட்டீங்க, நான் போடமாட்டேன். ஒருத்தர் கையைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தா யாருக்குமே அப்படி வராது. ஆனா இதே திருகலை நான் இதுக்கு முன்னால ரெண்டு பேர்கிட்ட பார்த்திருக்கேன். ஒருத்தர் ரிட்டையரான தபால்காரர், இன்னொருத்தர் பல் டாக்டர். ரெண்டு பேரும் பின்னினதைக் கையில எடுத்துக்கிட்டு கடைக்கே வந்து என்கிட்ட சண்டை போட்டவங்க. நம்ம மூணாவது புத்தகத்துப் பின்பக்கத்தைப் பார்த்து, அச்சகத்துக்காரர் திருப்பிப் போட்ட அந்தப் படத்தை நம்பி, தானாவே பின்னக் கத்துக்கிட்டவங்க.

இப்ப உங்களுக்கும் புரிஞ்சிருக்கும். உங்க வீட்டுல நம்ம புத்தகத்தை அட்டையிலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விடாம படிக்கறது யாரு?

அண்ணன் பின்னியிருக்கான் அண்ணி. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாம எப்பவோ கத்துக்கிட்டிருக்கான். சொன்னா நாம விட்டுவெச்சிருப்போமா? ஓட்டியே தீர்த்திருப்போம். அதான் கமுக்கமா இருந்துட்டான். அன்னிக்கு நான் ஒரு பக்கம் கோச்சுக்கிட்டுப் போக, நீங்க ஒரு பக்கம் கதவைச் சாத்திக்க, இவன் ரேடியோவை வெச்சுக்கிட்டு உக்காந்து நம்ம சண்டையைப் பின்னியே முடிச்சுடப் பார்த்திருக்கான். முதல் வரிசையில நாலஞ்சு இடத்துல பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்கான், நூல் அங்கெல்லாம் பிசிறு பிசிறா நிக்குது. போகப்போக கை பழகிடுச்சு. கடைசி வரிசையெல்லாம் அவ்வளவு ஒழுங்கு. நான் கடையிலயே உக்காந்து ஓன்னு அழுதேன். நூல் வாங்க வந்த அம்மா பயந்துபோய் எனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்து, கடையையும் அவங்களே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டாங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம். நீங்க கேட்டீங்களே, கூப்பிட்டாரா இல்லையான்னு. அதைச் சொல்ல ஆளில்லன்னீங்க. நான் சொல்றேன்.

நோவு வந்த கை எப்படிப் பின்னும்னு எனக்குத் தெரியும். கடையில தினம் பார்க்கறேன். பல்வலியோட பின்னினாகூட வரிசை கோணிக்கும், கண்ணி நழுவும், பாதியிலயே ஊசி நின்னுபோகும். அண்ணன் போட்டதுல ஒரு கண்ணிகூட நழுவல. கடைசி வரிசையைக் கோடி வரைக்கும் முடிச்சிருக்கான். முடிச்சுட்டு நூலைச் சுத்தியிருக்கான். ஊசி யார் கால்லயும் குத்திடக் கூடாதுன்னு கண்டுக்குள்ள செருகியிருக்கான். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி, மடிச்சு, சால்வை மேல வெச்சிருக்கான். அன்னிக்கு ராத்திரி நான் அதைப் பார்த்தேன், ஆனா நீங்க வெச்சதுன்னு நினைச்சேன். நீங்கதான் தொடவே இல்லையே.

அண்ணன் எதுக்கு அண்ணி கண்ணாடியைக் கழட்டுவான்? முகம் கழுவவே அதோட போறவன். தூங்கறதுக்கு மட்டும்தான் கழட்டுவான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவன் நூலைச் சுத்திக்கிட்டு இருப்பானா? வலியைப் பொறுத்துக்கிட்டு இருக்கறவன் கண்ணாடியை மடிச்சு வைப்பானா? டாக்டர் இருக்கலாம்னு இழுத்தார். நான் அப்படி இழுக்கல. அண்ணன் வேலையை ஒரு கட்டத்துல நிறுத்திட்டு, கொஞ்சம் கண்ணசரலாம்னு சாஞ்சிருக்கான். தூங்கிட்டான். உங்களைக் கூப்பிடல அண்ணி. உங்க சட்டத்துக்குப் பயந்தும் இல்ல, குரல் எழும்பாமலும் இல்ல. கூப்பிடற மாதிரி அவனுக்கு வலின்னு எதுவும் வரல.

ஒருத்தர் திடீர்னு போய்ட்டா யாரையாவது பிடிச்சுக் கூண்டுல ஏத்தினாத்தான் மனசு அடங்கும்போல இருக்கு. எனக்கு நீங்க அகப்பட்டீங்க. உங்களுக்கும் நீங்களே அகப்பட்டீங்க. என்னை மன்னிச்சுடுங்க. இதை எழுத எனக்கு வெக்கமா இருக்கு, இருந்தாலும் எழுதறேன். ஒரு வருஷம் உங்களைத் தனியா விட்டுட்டேன். அண்ணன் இருந்திருந்தா என்னை வெளுத்துவாங்கியிருப்பான்.

கதைக்குக் குற்றவாளி பேர் கேட்டீங்க. யாருமில்லன்னு எழுதறேன். பதிப்பாளர் ஒத்துக்கமாட்டார்னு தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்ச உண்மை இவ்வளவுதான்.

உங்க சிட்டு


ஏப்ரல் 11

என் சிட்டு,

வாசல்ல தபால்காரர் முன்னாலேயே பிரிச்சுட்டேன். நின்னபடியே படிச்சேன். அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து, அந்த மனுஷர் "நல்ல சேதியா கெட்ட சேதியாம்மா?"ன்னு கேட்டுட்டார். எனக்கும் தெரியல, என்னன்னு சொல்ல?

எத்தனை மத்தியானம் சிட்டு! மேல நான் கொலைகாரனைத் தேடி மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன், கீழ இந்த மனுஷர் நாக்கைத் துருத்திக்கிட்டு கண்ணி போட்டுக்கிட்டு இருந்திருக்கார். என் காலடிச் சத்தம் கேட்டதும் குஷனுக்கு அடியில ஒளிச்சிருப்பார். பதினோரு துப்பறியும் கதை எழுதினேன்னு பேர்தான், கூடவே குடித்தனம் நடத்தின ஆளைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல எனக்கு. நேத்து அவர் அலமாரியைக் குடைஞ்சேன். பழைய ஸ்வெட்டருக்குள்ள சுருட்டி வெச்ச ஒரு துண்டு கிடைச்சது. கைக்குட்டையா, கால்துடைக்கறதா, என்னன்னே சொல்ல முடியல, அவ்வளவு கோணல். அதை முகத்துல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

நீ மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். கோபம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நீ என்னைச் சந்தேகப்பட்டதாலதானே அந்தப் பையைத் திறந்தேன்? நீ நல்ல பிள்ளையா ஆறுதல் சொல்லிட்டு இருந்திருந்தா அது அலமாரி மேலயே கிடந்திருக்கும், நானும் சாகற வரைக்கும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்.

கதை விஷயம். நாலாவது அத்தியாயத்தைக் கிழிச்சுட்டேன். டீ கொண்டு வர்றவர் சாகமாட்டார். இந்தப் புத்தகத்துல மட்டும் இல்ல, எந்தப் புத்தகத்துலயும் சாகமாட்டார். ஊசியம்மாவே செத்தாலும் அவர் இருந்து எல்லாருக்கும் டீ கொடுப்பார். பிணத்துக்கு நல்ல ஆள் கிடைச்சாச்சு. நம்ம பழைய சங்கச் செயலாளருக்கு ஒரு தம்பி இருக்கறதா வெச்சுக்கிட்டேன், அண்ணனைவிட படுமோசம். முதல் பக்கத்துலேர்ந்தே எப்ப சாவான்னு எனக்கே கை துறுதுறுன்னு இருக்கு. புதுக் கைப்பிரதியை உனக்குத் தபால்ல அனுப்பப்போறதில்ல. இங்க வந்து படி. சால்வையையும் எடுத்துட்டு வா. அதை முடிக்கறதா, அப்படியே விட்டுடறதான்னு என்னால தனியா முடிவு பண்ண முடியல.

நேத்து மத்தியானம் மாடியில எழுத உக்காந்தேன். கதவைச் சாத்தல. ஹெட்ஃபோனையும் மாட்டல. கீழ கூடம் அமைதியா இருந்துச்சு. ஒரு வருஷமா அந்த அமைதியைக் கேட்டாலே, உள்ள எங்கயோ அவர் குரல் இருக்கு, நான்தான் கேக்கத் தவறிட்டேன்னு தோணும். எழுந்து எழுந்து படிக்கட்டுக்கு வந்து நின்னு பார்ப்பேன். நேத்து நான் எழுந்திருக்கல. கீழ ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கறார்னு நினைச்சுக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் எழுதினேன்.

நீ வர்றப்ப பூனை மாதிரி வந்து நிக்காதே. வாசல்லேர்ந்தே "அண்ணீ"ன்னு கத்து. நான் எழுதிக்கிட்டு இருந்தாலும் கத்து.

உன் அண்ணி